19 கிலோ, 105 நியூட்டன்-மீட்டர்: ஆம்ஃப்ளோ பிஎல் கார்பன் ஓட்டுபவர்களிடம் சில கேள்விகள்

கருங்காடு_சக்கரம்

வணக்கம் நண்பர்களே. ஃப்ரைபர்க்கில் இருந்து எழுதுகிறேன். இப்போது ஓட்டுவது அலுமினிய ஃபிரேம் மின்-மலை சைக்கிள். போஷ் சிஎக்ஸ் நான்காம் தலைமுறை மோட்டார், 750 வாட்-அவர் பேட்டரி, எடை 24.5 கிலோ. மாற்றுவதாக இருக்கிறேன். டிஜேஐ-யின் அவினாக்ஸ் மோட்டாரோடு வரும் ஆம்ஃப்ளோ பிஎல் கார்பன் முதல் இடத்தில் இருக்கிறது. பின்னால் 150, முன்னால் 160 மில்லிமீட்டர் டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்) எனக்குப் போதும். என் எடை 78 கிலோ, பை, தண்ணீர், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து இன்னும் 5.

பெரும்பாலும் ஓட்டுவது ரோஸ்கோப் மலையில். நகரம் 278 மீட்டரில் இருக்கிறது, உச்சி 737. ஒரு சுற்றுக்கு 460 மீட்டர் ஏற்றம், பிறகு பார்டர்லைன் என்ற மலை சைக்கிள் பாதையில் இறக்கம். நான்கு சுற்று ஓட்டினால் அன்றைக்குத் திருப்தி. மாதம் ஒருமுறை ஷாவின்ஸ்லாண்ட் மலை.

கேட்க நினைப்பவை:

ஐந்து கிலோ குறைவது உண்மையில் எங்கே தெரிகிறது? விளம்பரப் படத்தில் ஒரு விரலால் தூக்குவதைக் கேட்கவில்லை, காட்டுக்குள் கேட்கிறேன்.

600 வாட்-அவரா, 800-ஆ?

பேட்டரியைக் கழற்ற முடியாது என்கிறார்கள். வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, சைக்கிள் வைக்கும் கெல்லரில் (நிலவறையில்) பிளக் பாயின்ட் இல்லை. இது எவ்வளவு பெரிய தொல்லை?

செயினும் பிரேக்கும் இத்தனை டார்க்கை (முறுக்கு விசையை) தாங்குமா?

கடைசியாக, இவ்வளவு செலவழிப்பதற்கு டிகியூ மோட்டார் போட்ட, எடையும் திறனும் குறைந்த ‘லைட்’ வகையையே எடுத்துவிடலாமா?

எடைத்தட்டு

உங்கள் முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் சேர்த்தே சொல்கிறேன், இரண்டும் ஒன்றுதான்.

முதலில் தலைப்பில் நீங்கள் எழுதிய 19, அதாவது நிறுவனம் சொல்லும் 19.2 கிலோ. அது மேல் மாடலான புரோவின் கணக்கு, 600 வாட்-அவர் பேட்டரியோடு, பெடல் இல்லாமல். 800 பேட்டரி போட்டால் 870 கிராம் கூடும் (ஒன்று 2.87 கிலோ, மற்றது 3.74). ஒரு ஜோடி ஃபிளாட் பெடல் 400 கிராம். பார்டர்லைன் போன்ற கல்லும் வேரும் உள்ள இறக்கத்துக்கு மெல்லிய கேஸிங் (ரப்பருக்கு உள்ளே இருக்கும் துணி அடுக்கு) உள்ள டயர் போதாது. இரட்டை அடுக்கு கேஸிங் போட்டால் டயர் ஒன்றுக்கு 200 முதல் 300 கிராம் ஏறும். கூட்டிப் பாருங்கள், 21 கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. உங்கள் 24.5 பெடலோடு, கெட்டி டயரோடு எடுத்த எடை என்றால் வித்தியாசம் ஐந்து இல்லை, மூன்றரை. யாராவது ‘என் வண்டி 19 கிலோ’ என்று எழுதினால் முதலில் டயரின் கேஸிங் என்ன என்று கேட்பது நல்லது. பங்சர் ஆகாத 21 கிலோ வண்டி, வாரம் ஒருமுறை ரிம்மில் அடிவாங்கும் 20 கிலோ வண்டியைவிட எவ்வளவோ மேல்.

ஏற்றத்தில் இந்த மூன்றரை கிலோ கிட்டத்தட்ட தெரியாது. ஆள், பை, வண்டி எல்லாம் சேர்த்து 107 கிலோவாக இருந்தது 104 ஆகிறது. 3 சதவீதம் சொச்சம். அதை மோட்டார் விழுங்கிவிடும். அவினாக்ஸ் ஏற்றத்தில் லேசாக ஓடுவதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் எடை இல்லை, திறன். வழக்கமான உச்சம் 105 நியூட்டன்-மீட்டர், 850 வாட். சிறிது நேரமே கிடைக்கும் பூஸ்ட்டில் 120 நியூட்டன்-மீட்டர், 1,000 வாட். உங்கள் பழைய சிஎக்ஸ் 85 நியூட்டன்-மீட்டர், 600 வாட்.

எடை தெரிவது வேறு இடத்தில். காலுக்கும் கைக்கும் இடையில் நீங்கள் ஆட்டி அசைப்பது 107 கிலோவை இல்லை, வண்டியை மட்டும்தான். அங்கே மூன்றரை கிலோ என்பது 14 சதவீதம். வேருக்கு மேல் முன் சக்கரத்தைத் தூக்கும்போது, இறுக்கமான வளைவில் பின் சக்கரத்தைத் தூக்கித் திருப்பிப் போடும்போது, ஒரு தடத்தில் இருந்து பக்கத்துத் தடத்துக்கு வண்டியைச் சரேலென்று மாற்றும்போது, இந்த மூன்று இடத்திலும் முதல் இறக்கத்திலேயே தெரியும். நான்காவது சுற்றில் முன்கையில் தெரியும். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டித் தூக்கி வைப்பதும் உங்கள் மூன்று மாடிப் படிக்கட்டும் இதே கணக்கில் சேரும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. கனமான வண்டி தரையில் அமர்ந்து போகும். சக்கரமும் டயரும் அதே எடையில் இருக்க, சஸ்பென்ஷனுக்கு மேலே உள்ள எடை மட்டும் குறைந்தால், சக்கரம் வாங்கும் அடி ஃபிரேமுக்கு அதிகமாக ஏறும். நேராக, வேகமாக, உடைகல் நிறைந்த பாதையில் பழைய வண்டி அமைதியாகப் போன இடத்தில் புதியது துள்ளும். இதை வண்டியின் குறை என்று எடுத்துக்கொள்ளாமல் செட்டிங்கை மாற்றுங்கள். சாக்கின் காற்றழுத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆளின் எடைதான், ஆகவே பின்னால் 28 முதல் 30 சதவீதம், முன்னால் 15 முதல் 20 சதவீதம் சேக் (ஆள் ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) என்ற கணக்கிலேயே தொடங்கலாம். அதிவேக கம்ப்ரெஷனை (திடீர் அடியில் சஸ்பென்ஷன் அமுங்குவதைத் தடுக்கும் திருகை) ஒன்றிரண்டு கிளிக் திறந்துவிடுங்கள். டயரில் 0.1 பார் குறையுங்கள். உங்கள் எடைக்கு முன்னால் 1.5, பின்னால் 1.7 நல்ல தொடக்கம். பழைய வண்டியின் எண்களை அப்படியே கொண்டுவந்து போட்டுவிட்டு ‘முரட்டு வண்டி’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

எடை எங்கே போனது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். மோட்டாரில் போனது 400 கிராம்கூட இல்லை: பழைய சிஎக்ஸ் 2.9, அவினாக்ஸ் 2.52. உண்மையான முன்னேற்றம் பேட்டரியில்தான் நடந்திருக்கிறது. உங்கள் 750 வாட்-அவர் பேட்டரி 4.3 கிலோவுக்குக் கிட்ட, அதாவது கிலோவுக்கு 175 வாட்-அவர் அளவு. இங்கே 800-க்கு 3.74 கிலோ, கிலோவுக்கு 214. போஷின் புதிய 800-ம் 3.9 கிலோதான், அதனால் இது டிஜேஐ மட்டும் செய்த வித்தை இல்லை. மீதி ஃபிரேமில் போயிருக்கிறது. கார்பன் ஃபிரேம் 2.27 கிலோ என்கிறது நிறுவனம், முழுத்திறன் மின்-சைக்கிளுக்கு அது மிகவும் குறைவு. டவுன்-டியூபின் (ஃபிரேமின் கீழ்ச்சாய்வுக் குழாயின்) அடிப்பக்கம் கல்லடி படும் இடத்தில் தடித்த பாதுகாப்புப் படலம் ஒட்டாமல் இந்த வண்டியைக் காட்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள்.

இனி டிகியூ. எச்பிஆர்50 மோட்டார் 1.85 கிலோ, 50 நியூட்டன்-மீட்டர், 300 வாட், 360 வாட்-அவர் பேட்டரி. முழுத்திறன் வண்டிகள் 24 கிலோ இருந்த காலத்தில் 18 கிலோ லைட் வண்டிக்குப் பொருள் இருந்தது. முழுத்திறன் வண்டியே 20-21க்கு இறங்கிய பிறகு மிஞ்சுவது இரண்டு, மூன்று கிலோதான். ஆனால் டிகியூவின் நிசப்தம் இன்னும் யாருக்கும் வரவில்லை. மோட்டார் இருப்பதே தெரியாமல் சொந்தக் காலால் ஏற விரும்பினால் அதுதான் சரியான வண்டி. நான்கு சுற்று வேண்டும் என்கிறீர்கள், அதற்கு 360 வாட்-அவர் போதாது.

கருங்காடு_சக்கரம்

மிக்க நன்றி. ஆம், 24.5 என்பது பெடலோடும் கெட்டி டயரோடும்தான். மூன்றரை என்றே வைத்துக்கொள்கிறேன். கம்ப்ரெஷன் பற்றிச் சொன்னது புதிது.

வாட்_கணக்கு

பேட்டரியைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ‘எத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்ற கேள்விக்கு மலையில் விடை கிடையாது. ஏற்ற மீட்டரில்தான் அளக்க வேண்டும்.

மொத்தம் 105 கிலோ என்று வைப்போம். அதை 1,000 மீட்டர் மேலே தூக்க 286 வாட்-அவர். இது இயற்பியல், எந்த மோட்டாராலும் குறைக்க முடியாது. 10 சதவீதச் சரிவுள்ள மண்-ஜல்லிப் பாதையில், கெட்டி மலை டயருக்கு உருளும் தடையாக இன்னொரு 20 சதவீதம் சேருங்கள். சக்கரத்தில் தேவைப்படுவது ஏறக்குறைய 343 வாட்-அவர். இதை நீங்களும் மோட்டாரும் பங்குபோட்டுக் கொள்கிறீர்கள். பேட்டரியில் இருந்து போவதில் 80 சதவீதம் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்றும், நீங்கள் நிதானமாக 150 வாட் மிதிக்கிறீர்கள் என்றும் வைத்தால்:

மோட்டாரும் 150 வாட் தரும் சிக்கன மோடில், 1,000 மீட்டருக்கு 214 வாட்-அவர்.

300 வாட் தரும் நடுத்தர மோடில் 286.

600 வாட் தரும் டர்போவில் 343.

பேட்டரியில் கடைசி 10 சதவீதத்தைத் தொடாமல் வைத்தால், 600 பேட்டரியில் 540, 800-ல் 720 பயன்படும். அப்போது நடுத்தர மோடில் 600 பேட்டரிக்கு 1,890 மீட்டர், 800-க்கு 2,500 மீட்டர். டர்போவிலேயே ஏறினால் 1,570-ம் 2,100-ம்.

உங்கள் நான்கு சுற்று 1,840 மீட்டர். 600 பேட்டரி நடுத்தர மோடில் அதை மயிரிழையில் முடிக்கும். குளிர்காலத்தில் முடிக்காது. பூஜ்யத்துக்குப் பக்கத்து வெப்பநிலையில் செல்லின் உள்தடை கூடும், கைக்கு வரும் கொள்ளளவு குறையும், அதோடு ஈர மண் டயரைப் பிடித்து இழுக்கும். டர்போ பிடித்தவராக இருந்தால் மூன்றாவது சுற்றின் முடிவிலேயே எண்ணத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே உங்களுக்கு 800. அந்த 870 கிராம் டவுன்-டியூபில் தாழ்வாக, நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரத்தில் 300 கிராம் கூடுவதைவிட இது கைக்குக் குறைவாகவே தெரியும்.

கவனிக்க ஒன்று: டர்போவில் ஏறினால் ஒரு மீட்டர் ஏற்றத்துக்கான செலவு இரண்டு மடங்கு ஆகிவிடுவதில்லை. 286-க்குப் பதில் 343, 20 சதவீதம்தான் கூடுதல், நேரமோ 40 சதவீதம் குறைவு. செலவைக் கூட்டுவது மோடின் பெயர் இல்லை, நீங்கள் மிதிப்பதைக் குறைத்துக்கொள்வதுதான்.

அடுத்து உங்கள் கெல்லர். இதை லேசாக எடுக்காதீர்கள். ஆம்ஃப்ளோவில் பேட்டரி டவுன்-டியூபுக்குள் நிலையாக இருக்கிறது. மோட்டாரைக் கழற்றி இறக்கித்தான் பேட்டரியை வெளியே எடுக்க முடியும், அது பணிமனை வேலை. ஃபிரேம் இவ்வளவு லேசாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: கதவுக்காகக் குழாயை வெட்டினால், வெட்டிய இடத்தைப் பலப்படுத்தக் கார்பன் கூட்ட வேண்டும். விலை என்னவென்றால், வண்டி பிளக்கிடம் போக வேண்டும்.

வழிகள் மூன்று. வீட்டு உரிமையாளரிடம் எழுதிக் கேட்டு கெல்லரில் மீட்டரோடு ஒரு பாயின்ட் வாங்குவது முதல் வழி, அதுவே நல்ல வழி. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் 21 கிலோவை மூன்று மாடி தூக்குவது. மழைநாளில் சேற்றோடு தூக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, 1 கிலோவாட்-அவருக்கு மேற்பட்ட மின்சேமிப்புப் பெட்டியை மாடியில் சார்ஜ் செய்து கீழே கொண்டுபோவது. அந்தப் பெட்டியே 10 கிலோவைத் தாண்டும். 800 பேட்டரியை நிரப்ப மாற்று இழப்போடு 900 வாட்-அவருக்கு மேல் இழுக்கும். இந்த மூன்றும் ஒத்துவராது என்றால், கழற்றும் பேட்டரி உள்ள போஷ் ஐந்தாம் தலைமுறை வண்டியைப் பாருங்கள். எடை ஒன்றரை, இரண்டு கிலோ கூடலாம், ஆனால் 3.9 கிலோ பேட்டரியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறலாம்.

பாயின்ட் கிடைத்துவிட்டால் சார்ஜிங்கில் இந்த வண்டிக்கு நிகர் குறைவு. 12 ஆம்பியர், 508 வாட் சார்ஜரில் 800 பேட்டரி பூஜ்யத்தில் இருந்து 75 சதவீதத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் போகும். ஆனால் எல்லா மாடலோடும் பெரிய சார்ஜர் வருவதாக நினைத்துவிடாதீர்கள், எது வருகிறது என்று கடையில் கேட்டு எழுதி வாங்குங்கள். பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடக்கூடாது, கெல்லர் வெப்பநிலைக்கு வர ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். இரண்டு மூன்று மாதம் ஓட்டாமல் வைப்பதானால் 30 முதல் 60 சதவீதத்தில் வையுங்கள்.

விடுமுறைக்கு விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரி பயணிகள் விமானத்தில் ஏறாது. கழற்றும் பேட்டரி உள்ளவர்களாவது பேட்டரி இல்லாமல் வண்டியை அனுப்பிவிட்டு, போன இடத்தில் வாடகைக்குப் பேட்டரி தேடலாம். இதில் அதற்கும் வழியில்லை.

இருமீட்டர்

இடையில் ஒரு சிறு குறிப்பு. ஃப்ரைபர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநில வனச் சட்டப்படி 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதைகளில் சைக்கிள் கூடாது, அனுமதி பெற்ற பாதைகள் விதிவிலக்கு. லேசான, திறன் கூடிய வண்டி கையில் வந்ததும் குறுகிய நடைபாதைகளில் மேல்நோக்கி ஏறிப் பார்க்கும் ஆசை வரும். இறங்கி வரும் நடையர்களுக்கு நேரெதிரே 1,000 வாட்டில் ஏறுவதுதான் இந்த வகை வண்டிக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறது. ஏறுவதற்கு அகலமான வனச்சாலை, இறங்குவதற்கு அனுமதித்த பாதை.

மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நிற்கும் வரம்பை மாற்றித் தரும் சில்லுகளும் வேண்டாம். மாற்றினால் அது சட்டப்படி சைக்கிள் இல்லை, காப்பீடும் வாரன்டியும் போகும். இந்த வண்டிக்கு அது தேவையும் இல்லை. 25-க்கு மேல் சொந்தக் காலால் 28, 30 என்று ஓட்டும்போது 21 கிலோ வண்டி சாதாரண மலை சைக்கிள்போலவே உருளும். உங்கள் பழைய வண்டியில் இருந்து மாறும்போது சமதளத்தில் தெரியும் வித்தியாசம் இதுதான்.

செயின்_வேலைக்காரன்

செயினும் பிறேக்கும் பற்றி நான் எழுதிறன். சுவிஸில் வொர்க்‌ஷொப் வேலை, இந்த வகைச் சைக்கிள்கள்தான் கூட வரும்.

முதலில் செயினுக்கு என்ன நடக்குது எண்டு விளங்கவேணும். 34 பல்லுச் செயின்ரிங்கின் (முன் பல்சக்கரத்தின்) ஆரம் 69 மில்லிமீற்றர் அளவு. மோட்டர் பூஸ்ட்டில் 120 நியூட்டன்-மீற்றர், உங்கட காலில் இருந்து ஒரு 50, மொத்தம் 170. அதை ஆரத்தால் பிரிச்சுப் பாருங்கோ, செயினில் 2,470 நியூட்டன், கிட்டத்தட்ட 250 கிலோ இழுவை. சாதாரண மலைச் சைக்கிளில் எழும்பி நிண்டு மிதிக்கிற அந்த ஒரு நொடிதான் இவ்வளவு வரும். இதில் ஏற்றம் முழுக்க, அதுவும் சேறும் மணலும் பூசின செயினில் வந்துகொண்டே இருக்கும். செயின் தேயாமல் என்ன செய்யும்?

ஆகவே செயின் எவ்வளவு நீண்டிருக்கு எண்டு காட்டிற செயின் செக்கர் ஒண்டு வாங்குங்கோ, ஒவ்வொரு 200 கிலோமீற்றருக்கும் வைச்சுப் பாருங்கோ. கியர் செய்யிற ஸ்ராம் கொம்பனி 0.8 சதவீதம் வரை விடச் சொல்லுது, மோட்டர் சைக்கிளில் 0.5 வந்தவுடனே மாத்திறது புத்தி. செயின் மலிவு, கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) விலை கூட. ஸ்ராமின்ர கேபிள் இல்லாத ரீ-டைப் கியர் எண்டால் மேல்பக்கம் தட்டையான ரீ-டைப் செயின்தான் போடலாம், பழைய ஈகிள் செயின் அதுக்குப் பொருந்தாது. எண்ணெய் போடமுதல் துடைக்கவேணும், போட்ட பிறகும் வெளிப்பக்கத்தைத் துடைக்கவேணும். எண்ணெய் உருளைக்குள்ள இருந்தால் போதும், வெளியில் இருக்கிறது மணலைப் பிடிச்சு அரைக்கும்.

ரீ-டைப் கியர் பாரத்திலயும் மாறும், அது உண்மை. ஆனால் தனக்குரிய பல்லு வரும்வரைக்கும் காத்திருந்து மாறும். அவசரப்பட்டு நாலு தரம் அமத்தினால் நாலையும் வரிசையாச் செய்துகொண்டிருக்கும், நீங்கள் ஏற்றத்தின் நடுவில் பிழையான கியரில் நிப்பீங்கள். செயலியில் ஒரு அமத்தலுக்கு ஒரு கியர் எண்டு வைச்சுவிடுங்கோ. டெரெய்லரை (செயினைக் கியர் மாத்திற பாகத்தை) பிடிக்கிற போல்ட் 35 நியூட்டன்-மீற்றர். அது தளர்ந்திருந்தால் நடுவில் உள்ள கியர்கள் மட்டும் தத்தளிக்கும். நிறையப் பேர் அதைக் கேபிள் பிரச்சினைபோல நினைச்சுத் திருக ஸ்குரூ தேடுகினம். அதில் கேபிளும் இல்லை, திருகிற ஸ்குரூவும் இல்லை.

பின் ஹப். உள்ளுக்குள்ள ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற ராச்செட் 36 பல்லு எண்டால் 10 பாகையில் கொழுவும், 54 எண்டால் 6.7 பாகையில். கூடப் பல்லு எண்டால் மிதி உடனே பிடிக்கும், ஆனால் பல்லு ஒவ்வொண்டும் மெல்லிசு. இவ்வளவு டோர்க்குக்கு 54 போடாதேங்கோ. வருசத்துக்கு ரெண்டு தரம் ஃப்ரீஹப்பைக் கழட்டி, பழைய கிறீஸைத் துடைச்சு, அந்தக் கொம்பனி சொன்ன கிறீஸை மெல்லிசாப் பூசுங்கோ. அள்ளிப் பூசினால் குளிரில் பல்லு ஒட்டிக்கொண்டு கொழுவாது. அப்ப மோட்டர் ஒருக்கா வெறுமையாச் சுத்திப்போட்டு அடிச்சுப் பிடிக்கும், பல்லு உடையிறது அப்பதான்.

புது வண்டியில் முதல் 100 கிலோமீற்றர் முடிய பின் சில்லுக் கம்பியளின் இறுக்கம் பாருங்கோ. செயின் பக்கக் கம்பிதான் மோட்டரின்ர இழுவையை வாங்கிறது. ரெண்டு ரெண்டாப் பிடிச்சு நெரிச்சால் எது தொய்வு எண்டு கைக்கே தெரியும்.

பிறேக். சைக்கிள் மூண்டரைக் கிலோ குறைஞ்சதால பாட் கூடக்காலம் வரும் எண்டு நினைக்காதேங்கோ. உங்கட ஒரு சுற்றில், 460 மீற்றர் இறக்கத்தில், 105 கிலோவின்ர 131 வாட்-அவரில் பெரும்பங்கு ரோட்டரில் (பிறேக் தட்டில்) சூடாப் போகுது. முந்தி காலால் ஏறினால் ஒரு நாளைக்கு ரெண்டு சுற்று, இப்ப நாலு, அஞ்சு. இறக்கக் கணக்கில் பாட் அதே அளவுதான் வரும், கிழமைக் கணக்கில் பாதியாப் போகும். புரோ மொடலில் வாற மகுரா எம்டி7-க்கு, பாட் பின்தகட்டோட சேர்த்து 2.5 மில்லிமீற்றர், ரோட்டர் 1.8. இதுக்குக் கீழ ஓடக்கூடாது. புது ரோட்டரே 2.0 தான், ஆகவே வேர்னியர் இல்லாமல் கண்ணால் பாத்துச் சொல்லேலாது. புதுப் பாட் போட்டால் 30 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 30 தரம் மெதுவா நிப்பாட்டிப் பழக்குங்கோ. பழக்காமல் நேரா மலையில் இறங்கினால் பாட் கண்ணாடிமாதிரி மினுங்கிப்போகும், பிறகு கத்திறதை நிப்பாட்டேலாது.

மகுராவுக்கு மினரல் எண்ணெய், டொட் எண்ணெய் விட்டால் சீல் எல்லாம் ஊதிப் போகும். காலிப்பர் போல்ட் 6 நியூட்டன்-மீற்றர், ஹாண்டில்பாரில் லீவரின்ர கிளாம்ப் 3 தான். லீவர் உடம்பு நார் கலந்த பிளாஸ்ரிக், கையளவுக்கு முறுக்கினால் வெடிச்சுப்போகும். சென்ரர்லொக் ரோட்டர் எண்டால் அதை ஹப்பில் பூட்டிற வளையம் 40 நியூட்டன்-மீற்றர்.

கிறீச் எண்ட சத்தம் வந்தால் எல்லாரும் மோட்டரைத்தான் குற்றம் சொல்லுவினம். நான் பாக்கிற ஒழுங்கு இது: சீற் கிளாம்ப், பெடல் மரை, பின் அக்சில், கேசட் இருக்கிற இடம், கிராங்க் போல்ட், பிவட் (ஃபிரேம் மூட்டு) போல்ட், கடைசியாத்தான் மோட்டரைப் பிடிக்கிற போல்ட். எழும்பி நிண்டு மிதிக்கேக்க சத்தம் நிண்டால் அது சீற். மிதிக்காமல் ஃபிரேமை அமத்தேக்க வந்தால் பிவட். பிவட்டின்ர இறுக்கம் போல்டிலயே பொறிச்சிருக்கும், இல்லாட்டில் கையேட்டில் பாருங்கோ, குத்துமதிப்பா கார்பனில் முறுக்காதேங்கோ.

பிறஷர் வோஷர் பிவட்டுக்கும் மோட்டருக்கும் சார்ஜிங் வாசலுக்கும் கிட்டவும் வரக்கூடாது. வாளித் தண்ணி, தும்பு, துணி. கழுவின பிறகு சார்ஜிங் மூடியைத் திறந்து காய விடுங்கோ, ஈரத்தோட பிளக் கொழுவினால் பின் பச்சை பிடிக்கும்.

கருங்காடு_சக்கரம்

அண்ணா, இதை அச்சடித்து கெல்லரில் ஒட்டப் போகிறேன். வீட்டு உரிமையாளருக்கும் இன்றைக்கே கடிதம் எழுதிவிட்டேன். இன்னும் இரண்டே கேள்வி. 105 நியூட்டன்-மீட்டர் செங்குத்தான ஈர வேரில் அடங்காமல் போகாதா? இறக்கத்தில் பழைய சிஎக்ஸ் கடகடவென்று அடிப்பதுபோல இதுவும் அடிக்குமா?

எடைத்தட்டு

அடங்காமல் போவது திறனால் இல்லை, அது வந்து சேரும் விதத்தால். செயலியில் ஒவ்வொரு மோடுக்கும் உதவியின் அளவையும் உச்ச டார்க்கையும் தனித்தனியாக வைக்கலாம். டிரெயில் மோடில் உச்ச டார்க்கை 70 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு இறக்கி, உதவியின் அளவை மட்டும் உயர்த்தி வைத்துப் பாருங்கள். மெல்ல மிதித்தாலே உதவி வரும், ஆனால் சக்கரம் வழுக்கும் அளவுக்குப் போகாது. டர்போவை வனச்சாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பூஸ்ட்டை ஒரு நொடி தேவைக்கு மட்டும். கியரில், நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே மிதிக்காதீர்கள். 75 முதல் 85-ல் மோட்டார் சூடாவது குறைவு, சக்கரத்துக்கு இழுவை சீராகப் போகும். நீண்ட ஏற்றத்தில் பெரிய கியரில் மெல்ல மிதித்துக்கொண்டே டர்போ கேட்டால் எந்த மோட்டாரும் சூடேறித் திறனைக் குறைத்துக்கொள்ளும்.

உதவி இவ்வளவு வரும்போது லேசான முன்பக்கம் செங்குத்தில் எழும்பும். இருக்கையை 5 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி, மூக்கை ஒரு டிகிரி தாழ்த்திப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் ஸ்டெமுக்குக் கீழே உள்ள வளையம் ஒன்றை மேலே மாற்றுங்கள்.

கடகட என்ற சத்தம் பழைய சிஎக்ஸில் உள்ளே இருக்கும் கிளட்ச் பாகங்கள் ஆடுவதால் வருவது. மிதியைச் சற்று அழுத்திப் பிடித்தால் அது நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவினாக்ஸில் இறக்கத்தில் மோட்டாரில் இருந்து அந்தச் சத்தம் இல்லை. போஷும் ஐந்தாம் தலைமுறையில் அதைச் சரிசெய்துவிட்டது. அந்த மோட்டார் 2.8 கிலோ, 2025 கோடைப் புதுப்பிப்புக்குப் பிறகு விருப்பப்பட்டால் 100 நியூட்டன்-மீட்டர், 750 வாட் வரை திறக்கலாம். கெல்லர் பாயின்ட் கிடைக்காவிட்டால் திறனில் பெரிதாக எதையும் இழக்காமல் அந்தப் பக்கம் போகலாம்.

ஏற்றத்தில் அவினாக்ஸ் ஊமை இல்லை. டர்போவில் மெல்லிய ரீங்காரம் இருக்கும், 300 வாட் அளவில் டயர் சத்தத்துக்குள் அமுங்கிவிடும். இறக்கத்தில் ஏதாவது தட்டும் சத்தம் கேட்டால் ஃபிரேமுக்குள் ஓடும் பிரேக் குழாய்களைப் பாருங்கள். ஹெட்செட் பக்கத்து வாயில் நுழையும் இடத்தில் நுரைக்குழாய் ஒரு துண்டு சுற்றிச் செருகினால் போதும்.

கருங்காடு_சக்கரம்

800, டிரெயில் மோடில் 70 நியூட்டன்-மீட்டர், இரட்டை அடுக்கு டயர். பின்னால் ரிம் காக்கும் இன்சர்ட்டும் போடலாமா, அல்லது கெட்டி டயரே போதுமா?

செயின்_வேலைக்காரன்

முன்னுக்கு வேண்டாம். பின்னுக்கு மட்டும் மெல்லிசான ஒண்டு போடுங்கோ, 100 முதல் 150 கிராம் வரும். கார்பன் ரிம் எண்டால் கட்டாயம். சீலன்ற் (டயருக்குள்ள ஓட்டையை அடைக்கிற திரவம்) வழமையை விட 30 மில்லிலீற்றர் கூட விடுங்கோ, இன்சர்ட் கொஞ்சத்தைக் குடிக்கும். வால்வும் பக்கத்தில் ஓட்டை உள்ளதா வாங்குங்கோ, இல்லாட்டில் இன்சர்ட் வால்வு வாயை அடைச்சுக் காத்து ஏறாது.